டீசலை மோந்து பார்த்த வண்டி

பழைய வண்டி வாங்கப் போகிறவன் காதைக் கழற்றி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுக் கண்ணை மட்டும் கொண்டுபோக வேண்டும் என்று எங்கள் வெள்ளைக்கரட்டூரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை ஊரிலேயே அதிகம் பேசியவர் மில்லர்காரர் செங்கோடன்தான். அவர்தான் இரண்டு காதையும் தலையிலேயே வைத்துக்கொண்டு, பெண்டாட்டி பாவாயியையும் கூட்டிக்கொண்டு, சங்ககிரிச் சாலையில் இருக்கும் பழைய வண்டிக் களத்துக்குப் பிக்கப் வாங்கப் போனார்.

மில்லர் என்றால் கான்கிரீட் கலக்குகிற மெஷின். ஜல்லியையும் மணலையும் சிமெண்டையும் வயிற்றில் வாங்கிப் புரட்டிப் புரட்டிக் கொடுக்கும். சக்கரம் இருந்தாலும் தானாக நகராது, எந்த ஊரில் எவன் வீட்டுக்குத் தளம் போட்டாலும் ஒரு வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டித்தான் இழுத்துப் போக வேண்டும். செங்கோடனும் பாவாயியும் கூலிக்குச் சட்டி தூக்கிய காலத்திலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய மெஷின் அது. அதை நம்பி எங்கள் தெருவே இருந்தது. ஆண்கள் கலவை போடவும் பெண்கள் சட்டி சுமக்கவும் அதன் பின்னாலேயே போவார்கள். அதை இழுத்துக்கொண்டிருந்த கிழட்டு வண்டி சித்திரை வெயிலில் ஓமலூர்ப் பாலத்தின் மேல் புகையைக் கக்கிவிட்டு உயிரை விட்டதும், தெருவில் பாதி அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது.

மெஷினை மாட்டிப் பார்க்காமல் வண்டி வாங்குவது பெண்ணைப் பார்க்காமல் தாலி கட்டுவதுபோல என்பதால், மில்லரை வாடகை டிராக்டரில் கட்டிக் களத்துக்கே இழுத்துப் போயிருந்தார்கள். களம் என்றால் மாட்டுச் சந்தை மாதிரிதான். பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்குப் பதில் பானட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். புரோக்கர் காளியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இழுவை வேணுமா, மைலேஜ் வேணுமா, அத மொதல்ல சொல்லுங்க செங்கோடண்ணா. ரெண்டும் ஒரே வண்டில கெடைக்காது. வேலையும் செஞ்சு வாயும் பேசாத மருமவ யாருக்கு அமைஞ்சிருக்கு?"

"ரெண்டும் வேணுமுங்க," என்றாள் பாவாயி. "அதுக்குத்தான இத்தன தூரம் வந்தோம்."

முதலில் பார்த்த வெள்ளை வண்டி யானையைக் கட்டினாலும் இழுக்கும், யானை தின்கிற அளவுக்கு டீசலும் தின்னும். இரண்டாவது சின்ன வண்டி, சொட்டு டீசலில் சேலத்துக்குப் போய்வரும், ஆனால் மில்லரை மாட்டியதும் பின்பக்கம் உட்கார்ந்து முன்சக்கரம் தரையை விட்டு எழுந்துகொண்டது. இன்னொன்று பார்வைக்குப் புதுமாப்பிள்ளைபோல மினுங்கியது, பாவாயி கதவோரத்தை நகத்தால் சுரண்டினாள், பெயிண்டுக்கு அடியில் ஓட்டையை மறைத்திருந்த பட்டி உதிர்ந்தது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மூலையில் வேப்பமரத்தடியில் நின்ற சாம்பல் நிற வண்டியைப் பார்த்தாள். அடிச்சட்டமான சேஸ் நேராக இருந்தது, டயர் தேயவில்லை, இன்ஜினைப் போட்டால் வெள்ளைப் புகையும் இல்லை கருப்புப் புகையும் இல்லை. பின்னால் கொக்கி மட்டும் கிடையாது. அது இதுவரை எதையும் இழுத்ததே இல்லை என்றார் காளியண்ணன்.

"மைலேஜ்?" என்றார் செங்கோடன்.

"இது டீசலக் குடிக்காதுங்க. மோந்து பாக்கும், அவ்வளவுதான்."

புரோக்கர்கள் எல்லா வண்டிக்கும் சொல்கிற சொல்தான் அது. செங்கோடனும் சிரித்தார், பாவாயியும் சிரித்தாள், சொன்னவரே சிரித்துவிட்டார். அங்கேயே வெல்டரைக் கூப்பிட்டுக் கொக்கி வைத்தார்கள். மில்லரை மாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் புதிதாக எதையாவது எதிலாவது பூட்டினால் வீட்டுச் சுமங்கலி மஞ்சள் கிழங்கு முடிந்த கயிற்றைப் பூட்டில் கட்ட வேண்டும். நுகத்தடியில் புதுக்காளையைப் பூட்டிய காலத்தில் வந்த வழக்கம். காளை போய் டிராக்டர் வந்து, டிராக்டரின் பின்னால் மெஷின் வந்தபோதும் அது ஒவ்வொன்றிலும் தொற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. பாவாயி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த கயிற்றை எடுத்துக் கொக்கியில் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். வண்டிக்குப் பாரமே தெரியக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டதாகப் பிற்பாடு சொன்னாள். அதில் தப்பாக என்ன இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் இன்றுவரை தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பும் வழியில் கரட்டு மேடு ஏறும்போது வண்டி காற்றுபோல ஏறியது. செங்கோடன் கியரைக்கூட இறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவாயியின் சீட்டு மட்டும் கிறீச்சிட்டு உள்ளே இறங்கி, கம்பிச்சுருள் தெறித்து, அவள் தரைத்தகடுவரை அமிழ்ந்துபோனாள்.

"ஏனுங்க, நிறுத்துங்க. மார்மேல யாரோ சட்டி சட்டியாக் கலவையக் கொட்டற மாதிரி இருக்குது."

நிறுத்தினார். அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள், ஒன்றுமில்லை. கிளப்பினார், மறுபடி அமிழ்ந்தாள். நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க, நான் நடந்து வரேன் என்று இறங்கிக்கொண்டாள். அவர் கண்ணுக்கு மறைகிற தூரம் போன பிறகும் அவளால் வழியோரம் உட்கார்ந்த மைல்கல்லை விட்டு எழ முடியவில்லை. அவர் வீட்டு வாசலில் போய் வண்டியை நிறுத்திய அந்த நிமிஷம் பாரம் இறங்கியது, அவளும் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். டீசல் முள் கிளம்பும்போது நின்ற இடத்திலேயே நின்றது. புரோக்கர் சொன்ன பொய் பலித்தது எங்கள் ஊருக்குத் தெரிந்து அதுதான் முதல்தடவை.

ஊர் கூடியது. கூடியவர்களில் யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை, இனி எப்படி என்றுதான் கேட்டார்கள். பூசாரி திருநீறு போட்டுப் பார்த்துவிட்டு இது பேயில்லை, பாரம்தான் என்றார். எடைமேடைக்காரர் பாவாயியை மேடையில் உட்காரவைத்துவிட்டு, செங்கோடனைச் சாலையில் மில்லரை இழுத்து ஓட்டச் சொல்லிச் சீட்டு எடுத்தார். மில்லரின் எடை குறையாமல் வந்தது. எடை போட்ட கூலியை ஒரு மனுஷிக்கு உண்டானதாக வாங்குவதா, வண்டிக்கு உண்டானதாக வாங்குவதா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வண்டிக்கு உண்டானதையே வாங்கிக்கொண்டார். மெக்கானிக் அன்வர்தான் எல்லோருக்கும் விளங்கும்படி சொன்னான்.

"டீசல் செலவாவலைன்னா பாரம் வேற எங்கியாச்சும் எறங்கித்தான ஆவணும்க்கா. வண்டில ஒரு கோளாறும் இல்ல. கணக்கு நேராத்தான் இருக்குது."

அப்படியானால் கயிற்றை அவிழ்த்துவிட்டால் என்ன என்று கேட்டவளும் உண்டு. அவள் குஞ்சம்மா, கேங்கில் சட்டி தூக்குகிறவள், வாய் நீளம். கேட்டதும் ஆண்கள் அத்தனைபேரும் ஒருசேர நாக்கைக் கடித்தார்கள். சுமங்கலி முடிச்சுப் போட்ட மஞ்சள் கயிற்றை அவிழ்த்தாலோ அறுத்தாலோ அவள் புருஷனுக்கு ஆகாது என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். புருஷனுக்கு ஆகாத ஒரு காரியத்தைப் பற்றிப் புருஷர்களே கூடி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னால் தீர்ப்பு எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார், அவிழ்க்கவும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பாவாயிதான் எழுந்து பேசினாள்.

"பொறந்ததுலருந்து சட்டி தூக்கறவதான நானு. இது படுத்துக்கிட்டே தூக்கறது. போங்க, போய் வேலையப் பாருங்க."

அப்படியாக அது வழக்கத்துக்கு வந்தது. காலையில் மெஷின் கிளம்புமுன் பாவாயி சோற்றை வடித்து வைத்துவிட்டு முற்றத்துத் தரையில் படுத்துக்கொள்வாள். கட்டில் முதல்நாளே நாலு காலையும் விரித்துவிட்டது. வண்டி சைட்டுக்குப் போய் நின்றதும் எழுந்து வீட்டு வேலை பார்ப்பாள், திரும்புகிற நேரத்துக்கு மறுபடி வந்து படுத்துக்கொள்வாள். ஊருக்கு இது வசதியாகவும் இருந்தது. தெருப் பெண்கள் வாசலில் நின்று, வண்டி எங்கக்கா வருது என்பார்கள், பாவாயி கண்ணை மூடிக்கொண்டு, மேடு ஏறுது என்றால் உலை வைப்பார்கள், எறக்கத்துல வருது என்றால் அரிசியைப் போடுவார்கள், புருஷன்மார் கைகால் கழுவும்போது சோறு சரியாக வெந்திருக்கும். அவள் படுத்த இடத்தில் சிமெண்டுத் தரை முதலில் வெடித்தது, பிறகு பள்ளமானது, பிறகு அந்தப் பள்ளத்தில் அவள் உருவம் பதிந்தது. ஊர் முழுக்கத் தளம் போட்டுக் கொடுத்தவர்களின் வீட்டுக்குக் கல்நார் ஓடுதான் கூரை. சுவரின் மேல் தூண் கம்பிகள் என்றைக்கோ வரப்போகிற தளத்துக்காக வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. டீசலில் மிச்சம் பிடித்துத் தளம் போட்டுவிடலாம் என்று படுத்தபடியே அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

குஞ்சம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில் வந்தவள், அவிழ்த்தால்தானே ஆகாது, மேலே இன்னொன்று கட்டினால் என்ன என்று சொல்லித் தன் கயிற்றைப் பாவாயி கயிற்றின்மேல் கட்டிவிட்டாள். கட்டிய நொடி பாவாயியின் மணிக்கட்டை யாரோ செல்லமாகச் சுண்டினதுபோல இருந்ததாம். வண்டி கிளம்பியது. பாவாயி திண்டாட்டமில்லாமல் நின்றாள், குஞ்சம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, "அடியாத்தி, இதையா இத்தன நாளாத் தூக்கின" என்றாள்.

அன்றிலிருந்து கோயில் கட்டளைக்கு முறை வைப்பதுபோலப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு வாரம் அவரவர் கயிற்றைக் கட்டினார்கள், எதையும் யாரும் அவிழ்க்கவில்லை, கொக்கி மஞ்சளில் பருத்துத் தேன்கூடுபோலத் தொங்கியது. கயிறு கட்டச் சுமங்கலிகளுக்கு மட்டுமே உரிமை என்பதால் தாலியறுத்த வீராயிக்கு முறை கிடையாது. கல்யாணத்தில் முன்னால் நிற்காதே, சீமந்தத்தில் கண்ணில் படாதே என்று அவளை வாழ்நாளெல்லாம் ஓரமாக உட்காரவைத்த தெருவில், சுமங்கலிகள் படுத்துக்கொண்டு, நீ கொடுத்து வெச்சவ வீராயி என்று பெருமூச்சு விட்டார்கள். வீராயி சிரித்துக்கொண்டே அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். அந்தக் கோடைதான் எங்கள் தெருவின் நல்ல காலம். பெண்கள் ஒருத்தி பாரத்தை ஒருத்தி வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்கு மனசு நிறைந்திருந்தது, அதனாலேயே அது நிலைக்கும் என்று நம்பினோம்.

நம்பிக்கையைக் கெடுத்தது செங்கோடனின் நல்ல மனசுதான். டீசல் செலவில்லையே, எதற்கு அந்தக் காசையும் வாங்க வேண்டும் என்று மில்லர் வாடகையைக் குறைத்தார். கட்டடக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், எல்லா வேலையும் எங்களுக்கே வந்தது. கொஞ்ச நாளில் அந்த வாடகையே சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் வாடகை ஆகிவிட்டது. இறங்கின கூலி எங்கள் பக்கத்தில் என்றைக்கும் ஏறினதில்லை. இனி சாதாரண வண்டியில் டீசல் ஊற்றி இழுத்தால் வருகிற வாடகை டீசலுக்கே காணாது. வேலை அதிகமானதால் வண்டியும் அதிகம் ஓடியது, மேட்டூர் என்றும் தொப்பூர் என்றும் தூரம் நீண்டது, படுத்திருந்தவள் எழுந்திருக்கவே நேரமில்லாமல் போனது. படுத்திருப்பவளுக்குச் சைட்டில் கூலி இல்லை. ஒருத்தி பிள்ளை உண்டானாள், ஒருத்தியை அம்மா வீட்டார் கூட்டிப் போனார்கள். குஞ்சம்மாவின் புருஷன் வாசலில் நின்று, "அவன் வண்டிக்கு எம்பொண்டாட்டி எதுக்கு முட்டுக் குடுக்கோணும்" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். முறை கடைசியில் பாவாயியிடமே வந்து நின்றது, அவளும் எல்லாக் கயிற்றுக்கும் மேலே இன்னொரு கயிறு கட்டினாள்.

ஐப்பசி அடைமழையில் அவள் முழங்கால் இரண்டும் வீங்கிக்கொண்டன. வண்டி நின்ற பிறகும் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தாள். செங்கோடன் அவளைச் சேலத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இடிபாட்டில் சிக்கியவர்களின் எலும்புபோல நசுங்கியிருக்கிறதே, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"வேலை ஒண்ணுமில்லீங்க," என்றாள் பாவாயி. "ஊட்டுல சும்மா படுத்திருக்கறதுதான்."

அந்தப் பதிலைக் கேட்டுச் செங்கோடன் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க அழுதார். வண்டியும் வேண்டாம் மில்லரும் வேண்டாம், மறுபடி கூலிக்கே போகலாம் என்று அங்கேயே முடிவு செய்தார். மில்லரை வாங்கிக்கொள்ள எடப்பாடியிலிருந்து ஆள் வந்தது. பிக்கப்பை வாங்கக் காளியண்ணன் யாரோ ஒரு வெளியூர்க்காரனைக் கூட்டி வந்தார். வந்தவன் காதைக் கழற்றிவிட்டு வந்த ஆள். எதைச் சொன்னாலும் கேட்கவில்லை, சேஸைத் தட்டிப் பார்த்தான், டயரைப் பார்த்தான், வாங்கிக்கொள்கிறேன் என்றான்.

வண்டியைக் கொடுக்கும் முன் செங்கோடன் அரிவாளை எடுத்துக்கொண்டு கொக்கியின் பக்கத்தில் போய்க் குந்தினார். நாங்கள் எல்லோரும் நின்றோம். அத்தனை கயிற்றுக்கும் மேலே பாவாயியின் கயிறு இருந்தது, அதன் மஞ்சள் இன்னும் நிறம் விடவில்லை. எங்களில் யாரும் அறுக்காதே என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கீழே அவரவர் பெண்டாட்டி கட்டிய கயிறும் அந்தக் கொத்துக்குள்தான் கிடந்தது, அரிவாள் எதுவரை இறங்குமோ என்று எல்லோரும் கணக்குப் போட்டோம், அது எங்கள் முகத்தில் தெரிந்திருக்கும். பாவாயி வாசற்படியில் உட்கார்ந்து தன் புருஷனின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அரிவாளை ஓங்கிவிட்டுப் பாதியில் நின்றது. காளியண்ணன்தான் ஒரு வழி சொன்னார்.

"வித்த மாட்டுக்கும் நமக்கும் என்ன ஒறவு? வண்டி கைமாறுனா கயிறும் அதோட போச்சு. எதுக்கு வீணா அபசகுனம்?"

கேட்கக் காத்திருந்ததுபோலச் செங்கோடன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். நாங்களும் மூச்சு விட்டோம். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. போகும்போது பின்னால் ஒன்றும் இழுக்கவில்லை, அதனால் பாவாயிக்கும் ஒன்றும் தெரியவில்லை, அன்றைக்குச் சாயங்காலம் அவள் நெடுநாளுக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கெல்லாம் நடந்து வந்து பேசிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் குழாயடியில் குடத்தோடு விழுந்தாள்.

அது மில்லர் இல்லை. மில்லரின் பாரம் அவளுக்குப் பழகிய பாரம், இது வேறு, கிணற்றுப் பாறை உடைக்கிற கம்ப்ரசராக இருக்கலாம், கல் ஏற்றிய இழுவைத் தொட்டியாக இருக்கலாம், அவளுக்குத் தெரியவில்லை. ஆறு பேர் சேர்ந்தும் அவளைப் புரட்ட முடியவில்லை, மழைத் தண்ணீர் வராமல் சுற்றிலும் மண் அணைத்து மேலே தார்ப்பாய் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். செங்கோடன் வெளியூர்க்காரனுக்குப் போன் போட்டார். அவன் வாங்கிய அன்றைக்கே வண்டியை வேறு ஒருவனுக்குத் தள்ளிவிட்டிருந்தான். அந்த வேறு ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுத்திருந்தான். அந்த இன்னொருவனின் போன் அணைந்து கிடந்தது.

அதற்குப் பிறகு பாரத்துக்கு நேரம் காலம் இல்லை. சோறு அள்ளி வாய்க்குக் கொண்டுபோகையில் வரும், கோயில் நடையில் வரும், இரண்டு மூன்று நாள் வராமலேயே இருந்து ஆசை காட்டிவிட்டு வரும். சேலத்தைத் தாண்டியறியாத பாவாயி தரையில் கிடந்தபடியே பார்த்திராத மலைகளை ஏறினாள். இடதுபக்கமாகச் சாய்ந்து, வலதுபக்கமாகச் சாய்ந்து, மறுபடி இடதுபக்கமாகச் சாய்ந்தால் கொண்டைஊசி வளைவு என்று சொல்லுவாள். பாரம் கால்பக்கம் சரிந்தால் ஏற்றம், தலைக்கு வந்தால் இறக்கம். ஒருமுறை வெகுநேரம் அசையாமல், ஆனால் பாரமும் இறங்காமல் கிடந்துவிட்டு, ஏதோ சோதனைச் சாவடில நிறுத்தாம மெல்ல உருட்டறாங்க என்றாள். ஊர் முதலில் வந்து பார்த்தது, எங்கக்கா போவுது வண்டி என்று கேட்டது. பிறகு வழியில் போகும்போது கேட்டது. பிறகு கேட்பதை விட்டுவிட்டது. இப்போது அவள் சொல்கிற ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உலை வைக்க எங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. வீராயி மட்டும் கஞ்சி கொண்டுபோவாள்.

செங்கோடன் வண்டி தேடக் கிளம்பினார். பழைய வண்டி விற்கிற எந்தக் களத்தையும் விடவில்லை, நாமக்கல், கரூர், பெருந்துறை, ஓசூர் என்று பஸ் ஏறிப் போனார், பாரம் இல்லாத நாளில் பாவாயியும் கூடப் போனாள். சாம்பல் நிற வண்டி என்று தேடினால், பெயிண்ட் அடித்தால் எந்த வண்டியும் வெள்ளை வண்டிதான். அதனால் எல்லா வண்டிக்கும் பின்னால் போய்க் குந்திக் கொக்கியைப் பார்த்தார். சேஸ் வேண்டாம், டயர் வேண்டாம், இன்ஜின் வேண்டாம் என்று கொக்கியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற கிறுக்கனைப் பற்றிக் களத்துக்குக் களம் பேசிச் சிரித்தார்கள். கொக்கி எல்லாம் கிரீஸும் கருப்புமாகத்தான் இருந்தது. இப்போது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அறுத்துவிடுவேன் என்று திரும்புகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். பாவாயி பஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

மறு வருஷம் தை மாதத்தில் ஒருநாள் பட்டப்பகலில், ஏதோ ஒரு மலையில் பாதி ஏறிக்கொண்டிருந்தபோது, பாவாயியின் மணிக்கட்டை யாரோ சுண்டினார்கள்.

வண்டி கைமாறிய பிறகு, நின்றாலும் பாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடிந்தது. இது அப்படி இல்லை, இருந்தது, இல்லை, அவ்வளவுதான். அவள் எழுந்து உட்கார்ந்தாள். எழுந்து நின்றாள். சுவரைப் பிடிக்காமல் வாசலுக்கு வந்தாள். செங்கோடன் பார்த்துவிட்டு ஓடிவந்து, அவள் சொல்லாமலே புரிந்துகொண்டு, தெருவெல்லாம் கேட்கக் கூப்பிட்டார். நாங்களும் ஓடினோம். மாரியம்மனுக்குக் கிடா வெட்ட வேண்டும் என்றார், மனுஷன் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பாவாயி படியில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள், பிறகு பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள்.

"எவளோ ஒருத்தி கட்டிட்டாளுங்க. ஏத்தத்துல வண்டி நின்னுபோயி, சாமி கும்புட்டுக் கட்டிருப்பா. ஒண்ணுந் தெரியாமக் கட்டிருப்பா."

"கட்டிட்டுப் போறா, உடு," என்றார் செங்கோடன். "உனக்கு எறங்கிருச்சுல்ல, அது போதும்."

அவள் அழுது முடிக்கும்வரை வீராயிதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் செங்கோடன் கிடா பார்க்கக் கிளம்புகையில் பாவாயி தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு நின்றாள். இடுப்பில் துணி சுற்றிய அரிவாள் இருந்தது. பெருந்துறைக் களத்துக்குப் போகலாம், இன்றைக்குச் சந்தை நாள் என்றாள்.

"இனி எதுக்கு?"

"அவ கயித்த அறுக்கோணும்."

செங்கோடன் அவள் இடுப்பு அரிவாளைப் பார்த்தார். "அடுத்தவ கயித்தயா? அவ புருசனுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

பாவாயி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை நாள் கிடந்தபடியே வானத்தையும் துருப்பிடித்த கம்பியையும் பார்த்த கண்.

"ஆவட்டும்," என்றாள்.

செங்கோடனின் கை பாதியில் நின்ற அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்து அவள் எதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த ஒரு சொல்லில் அவருக்கு விளங்கிவிட்டது. அவள் முன்னால் நடந்தாள், அவர் கிடாவை மறந்து பின்னால் போனார்.

இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். வண்டி கிடைக்கவில்லை, கிடைக்கும் என்று எங்களில் யாருக்கும் எண்ணமில்லை. முன்பாவது வண்டி எந்த ஏற்றத்தில் போகிறது என்று பாவாயிக்குத் தெரியும், இப்போது அதுவும் தெரியாது. சுவர்மேல் கம்பிகள் துருவேறி ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. எந்தக் களத்துக்குள் நுழைந்தாலும் யாராவது ஒரு புரோக்கர் துண்டை உதறிக்கொண்டு எதிரே வந்து, ஏதாவது ஒரு பிக்கப்பைத் தட்டிக் காட்டி, இது டீசலைக் குடிக்காதுங்க, மோந்துதான் பார்க்கும் என்கிறார். பாவாயி ஒவ்வொரு தடவையும் அதை நம்பி, இடுப்பு அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மடக்கி வண்டிக்குப் பின்னால் குனிகிறாள்.